அத்தியாயம் 6: சாலையிடமிருந்து மீட்ட நேரம்

காலை ஏழேகால் மணிக்குப் பெங்களூரு ஓசூர் ரோட்டில் இருக்கும் சந்தாபுரா சர்க்கிளில் நின்று பாருங்கள். ஓசூர்ப் பக்கமிருந்து வரும் தமிழ்நாட்டு அரசுப் பேருந்து, அத்திப்பள்ளியிலிருந்து வரும் 356 வரிசை பி.எம்.டி.சி. பஸ், ஆனேக்கல் ரோட்டிலிருந்து திரும்பும் கம்பெனி வேன், எல்லாவற்றுக்கும் நடுவே புகுந்து ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோ என்று அத்தனையும் ஒரே முனையில் வந்து சேரும். காத்து நிற்பவர்களின் பேச்சைக் கேட்டால் கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் ஹிந்தியும் கலந்து வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர் என்று ஊர் சொல்பவர்கள் இங்கே நிறையப் பேர். நகரத்துக்குள் வாடகை கொடுத்துக் கட்டுபடியாகாமல் வந்தவர்கள், ஊருக்குப் போய்வர ஓசூர் ரோடு வசதி என்று வந்தவர்கள், கர்நாடக வீட்டு வசதி வாரியத்தின் சூர்யா சிட்டியில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள்.

நானும் அப்படி வந்தவன்தான். இங்கே வீடு பார்த்தபோது வாடகை குறைவு என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் குறைந்த வாடகையின் மிச்சத்தைத் தினமும் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நேரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று புரிய ஒரு வருஷம் ஆனது.

இந்த அத்தியாயம் அந்த நேரத்தைத் திரும்ப வாங்குவது பற்றியது. வொர்க் ஃப்ரம் ஹோம், ஹைப்ரிட், நேரம் மாற்றிப் போவது என்று பெயர் எதுவானாலும், சந்தாபுராக்காரருக்கு அதன் முதல் பலன் சாலையில் கழியும் மணிகள் கைக்கு வருவதுதான். ஆனால் கைக்கு வந்த மணிகள் கையிலேயே நிற்பதில்லை. நாம் கவனிக்காவிட்டால் கம்பெனி அதை எடுத்துக்கொள்ளும், அல்லது கைபேசி எடுத்துக்கொள்ளும். மீட்பது பாதி வேலை. மீட்டதை யாருக்குக் கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்வது மீதிப் பாதி.

முதலில் கணக்கு

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், வீட்டுக் கதவைப் பூட்டும் நேரத்தையும் ஆபீஸில் உட்காரும் நேரத்தையும் எழுதுங்கள். திரும்பும்போதும் அப்படியே. ‘சுமார் ஒரு மணி நேரம்’ என்று மனதில் நினைப்பதை நம்ப வேண்டாம். மழை பெய்யாத, சிக்னல் ஒழுங்காக விழுந்த நாளைத்தான் மனம் நினைவில் வைத்திருக்கும்.

பெள்ளந்தூரிலோ மாரத்தஹள்ளியிலோ ஆபீஸ் இருப்பவருக்கு ஒரு பக்கம் ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். போக வர இரண்டரை. மாதம் 22 நாள் போனால் 55 மணி நேரம். அதுவே 10 நாள் மட்டும் போனால் 25. மாதத்துக்கு 30 மணி நேரம் மிச்சம், வருஷத்துக்கு 360. எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றிப் பார்த்தால் 45 நாள். மாதம் 30 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டு வையுங்கள். மேனேஜரிடம் பேசும்போது இது உதவாது, ஏனென்றால் அவருக்கு உங்கள் சாலை முக்கியமில்லை. எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்யும்போது உதவும். சம்பளம் கொஞ்சம் கூடுதலாக, ஆனால் ஐந்து நாளும் வரச் சொல்லும் இன்னொரு வேலை வந்தால், அந்தக் கூடுதல் பணத்தை இந்த 30 மணியால் வகுத்துப் பாருங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்பவருக்குக் கணக்கு வேறு. அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அவர் வீட்டிலிருந்து வேலை கேட்டு மல்லுக்கட்டுவதைவிட, காலை ஆறரைக்குக் கிளம்பி மூன்றரைக்குத் திரும்பும் நேரத்தைக் கேட்டு வாங்கினால் அதே பலன் கிடைக்கும். நேரத்தை நகர்த்துவதும் நெகிழ்வான வேலைதான். நம்மில் பலர் அதைக் கேட்பதே இல்லை.

இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். இந்தச் சாலையில் வந்த வசதிகள் எல்லாம் நம் ஊருக்கு முன்பாகவே நின்றுவிடும் வழக்கம் உடையவை. 1970-களில் ஆர்.கே. பாளிகாவின் தலைமையில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டியை உருவாக்கியது. அதற்காக 2010 ஜனவரியில் மேம்பாலச் சாலை திறந்தார்கள். கிட்டத்தட்ட பத்துக் கிலோமீட்டர் நீளம். எலக்ட்ரானிக் சிட்டியோடு முடிந்தது. 2025 ஆகஸ்ட் 10 அன்று மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தது. ஆர்.வி. ரோட்டிலிருந்து 19.15 கிலோமீட்டர், 16 நிலையங்கள், பொம்மசந்திராவோடு முடிந்தது. புறநகர் ரயிலின் கனக தடம் ஒன்றுதான் நம் பக்கத்து ஹீலலிகேயிலேயே தொடங்கி ராஜனகுண்டே வரை போக வேண்டும் என்று திட்டமிடப்பட்டது. அதில் இன்னும் ரயில் ஓடவில்லை. மெட்ரோ வந்தது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் பொம்மசந்திராவில் இறங்கிய பிறகு பஸ்ஸுக்கோ ஆட்டோவுக்கோ நிற்கும் நிமிஷங்களையும் உங்கள் தாளில் எழுத வேண்டும்.

சொன்ன சொல்லை நம்பி வீடு மாற்றாதீர்கள்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது, வீட்டிலிருந்து வேலை என்பது சில நாட்களில் நடந்த மாற்றம். அதற்கு முன் சில இடங்களில் விதிகளே எளிதில் இடம் கொடுக்கவில்லை. கால் சென்டர், பி.பி.ஓ. போன்ற இடங்களில் ஆட்களை வீட்டிலிருந்து வேலை செய்ய விட வேண்டுமானால் தொலைத்தொடர்புத் துறையின் கட்டுப்பாடுகள் ஏராளம். 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் அந்தத் துறை விதிகளைத் தளர்த்தியது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் இருக்கும் கம்பெனிகளுக்கு 2022 ஜூலையில் 43ஏ என்ற தனி விதி கொண்டுவந்தார்கள். உங்கள் ஹெச்.ஆர். ‘எங்களுக்கு விருப்பம்தான், விதி இடம் கொடுக்கவில்லை’ என்று சொன்னால், எந்த விதி என்று மரியாதையாகக் கேட்கலாம். சில சமயம் உண்மையாகவே விதி இருக்கும்.

அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகள் பெரிய வார்த்தைகள் சொன்னன. 2025-க்குள் ஒரு நேரத்தில் 25 சதவீத ஊழியர்கள் ஆபீஸில் இருந்தால் போதும் என்று டி.சி.எஸ். 2020-ல் அறிவித்தது. 2023 அக்டோபரில் அதே நிறுவனம் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. விப்ரோ 2023 நவம்பர் முதல் வாரம் மூன்று நாள் கட்டாயம் என்றது. இன்போசிஸ் 2025 மார்ச்சில் குறிப்பிட்ட நிலை வரையுள்ள ஊழியர்களுக்கு மாதம் 10 நாளாவது ஆபீஸ் என்று வைத்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அறிவிப்பு வேறு, உங்கள் வேலை ஒப்பந்தம் வேறு. அறிவிப்பை நம்பி சொந்த ஊருக்கே குடிபோய், பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்த்து, பிறகு நடுக் கல்வியாண்டில் திரும்பி வந்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அவர்களில் ஒருவரின் பையன் இங்கே அதே வகுப்பில் இடம் கிடைக்காமல் இரண்டு மாதம் வீட்டில் இருந்தான்.

அதனால் என் விதி இது: வேலை நியமனக் கடிதத்தில் வேலை செய்யும் இடம் என்று எது எழுதியிருக்கிறதோ, அதிலிருந்து தினமும் போய்வர முடிகிற தூரத்தில் குடும்பம் இருக்கட்டும். மீதி எல்லாம் கிடைக்கும்வரை அனுபவிக்க வேண்டியவை. வீட்டிலிருந்து வேலை நிரந்தரம் என்றால் அந்தக் கடிதத்திலேயே அப்படி எழுதி வாங்குங்கள்.

எத்தனை நாள் கேட்பது

எனக்குத் தெரிந்து, வீட்டிலிருந்து எத்தனை நாள் வேலை செய்யலாம் என்பதற்கு நல்ல ஆதாரம் சீனத்திலிருந்து வந்தது. ஸ்டான்ஃபோர்டின் பொருளாதாரப் பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவர் குழுவும் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில் 2010 கடைசியிலிருந்து ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். விருப்பம் தெரிவித்தவர்களில் ஒரு பகுதியினர் வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்து, மற்றவர்கள் ஆபீஸிலிருந்து. வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ‘வீட்டில் இருந்தால் தூங்குவார்கள்’ என்று சொல்லும் மேனேஜருக்குக் காட்ட இது போதும்.

ஆனால் அந்த 13-ஐப் பிரித்துப் பார்த்தால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதில் 9 சதவீதம் இடைவேளை குறைந்ததாலும் உடம்பு சரியில்லை என்று எடுக்கும் விடுப்பு குறைந்ததாலும் வந்தது. அதாவது கூடுதல் நிமிஷங்கள் வேலை செய்ததால். 4 சதவீதம்தான் அமைதியான இடத்தில் வேகமாக வேலை செய்ததால். இன்னொரு செய்தியும் உண்டு. அதே அளவு வேலை செய்த இருவரில், வீட்டில் இருந்தவருக்குப் பதவி உயர்வு வாய்ப்பு குறைந்தது. கண்ணில் படாதவரை மேலே தூக்கிவிட யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. சோதனை முடிந்து, இடத்தை அவரவர் தேர்ந்துகொள்ளலாம் என்றபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் தாங்கள் இருந்த இடத்தை மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பலன் 22 சதவீதமாக ஏறியது. தனக்கு எது ஒத்துவரும் என்பது செய்து பார்த்தால்தான் தெரிகிறது.

அதே நிறுவனம், இப்போது டிரிப்.காம், 1,612 பேரை வைத்து மறுபடி ஒரு சோதனைக்கு இடம் கொடுத்தது. இந்த முறை வாரம் இரண்டு நாள் மட்டும் வீட்டில். முடிவு 2024 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத் திறனிலும் பதவி உயர்விலும் எந்தக் குறையும் தெரியவில்லை. பலன் அதிகம் யாருக்கு என்று பார்த்தால், மேனேஜர் அல்லாதவர்களுக்கு, பெண்களுக்கு, ஆபீஸுக்கு வெகுதூரம் போய்வருபவர்களுக்கு. கடைசி வகை நாம்தான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் சொல்வது: புதிதாக வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் ஒரு நாள்கூடக் கேட்காதீர்கள். தினமும் போங்கள். வேலை கற்பது பக்கத்து நாற்காலிக்காரர் திட்டு வாங்குவதைக் கேட்டுத்தான். அதன் பிறகு வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் வீடு. ஐந்து நாளும் வீடு என்பது வேலையில் பத்து வருஷம் பழுத்தவர்களுக்கும், வீட்டில் கட்டாயக் காரணம் இருப்பவர்களுக்கும் மட்டும்.

கேட்கும் கடிதம்

வாய்ப்பேச்சில் கிடைத்த அனுமதி மேனேஜர் மாறும் நாளில் போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது. முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் இரண்டு வருஷம் புதன், வெள்ளி வீட்டிலிருந்து வேலை செய்தேன். புது மேனேஜர் வந்த முதல் வாரம், ‘எந்த மெயிலில் இருக்கிறது?’ என்று கேட்டார். எந்த மெயிலிலும் இல்லை.

கடிதத்தில் முதலில் நாட்களைச் சொல்லுங்கள், ‘சில நாட்கள்’ என்று எழுதாதீர்கள். திங்களையும் வெள்ளியையும் சேர்த்துக் கேட்டால் வாரக் கடைசியை நீட்டப் பார்க்கிறார் என்று தோன்றும். உங்களுக்கு உண்மையிலேயே தேவை என்றால் மட்டும் கேளுங்கள். அடுத்து, எந்த நேரத்தில் கட்டாயம் கிடைப்பீர்கள் என்று எழுதுங்கள். பத்து முதல் நான்கு என்று ஒரு வேலி போட்டால் அதற்கு வெளியே உங்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். உங்கள் வேலையை எதை வைத்து அளப்பது என்பதை நீங்களே முன்மொழியுங்கள்: முடித்த டிக்கெட், ஒப்படைத்த அறிக்கை, தேதி தவறாத பட்டியல். அளவுகோல் இல்லாத இடத்தில், சாட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்பதுதான் அளவுகோலாகிவிடும். மூன்று மாதச் சோதனை என்று கேளுங்கள். ‘சோதனை’ என்ற சொல்லுக்கு மறுப்புச் சொல்வது கடினம், மூன்று மாதம் நன்றாகப் போனால் யாரும் திரும்ப எடுப்பதில்லை. அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் ஆபீஸுக்கு வந்து சேர்வீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். சந்தாபுராவிலிருந்து அதைத் தைரியமாக எழுத முடியும், தூத்துக்குடியிலிருந்து முடியாது.

தாயான பெண்களுக்குச் சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக உயர்த்தியபோது, அந்த விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருதரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனையில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கலாம் என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ‘அனுமதிக்கலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘அனுமதிக்க வேண்டும்’ என்று இல்லை. இருந்தாலும் கடிதத்தில் சட்டத்தின் இந்த ஏற்பாட்டைக் குறிப்பிட்டால், அது தயவு கேட்கும் கடிதமாக இருக்காது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பதும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்பதும் அதே திருத்தம் தந்த உரிமைகள். வீட்டிலிருந்து வேலை கொடுத்துவிட்டோம் என்பதால் காப்பகக் கடமை தீர்ந்துபோகாது.

வீட்டைத் தயார் செய்வது

பவர் கட்டிலிருந்து தொடங்க வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போம், கரன்ட் போகும், ஃபேன் ஓடும், லேப்டாப் ஓடும், நெட் மட்டும் போய்விடும். காரணம் எளியது. உங்கள் வீட்டு ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் அபார்ட்மென்டின் கீழ்த்தளத்திலோ மாடிப்படிக்குப் பக்கத்து டக்டிலோ ஃபைபர் கம்பெனிக்காரர் மாட்டியிருக்கும் பெட்டிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வீடு பார்க்கப் போகும்போதே அந்தப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். அது ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று கேளுங்கள். வாட்ச்மேனுக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. தனி வீடு என்றால் ரவுட்டருக்கென்றே கிடைக்கும் சிறிய 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள், இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு நொடியில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிஷம் எடுக்கும், அதற்குள் மீட்டிங்கில் உங்கள் முறை வந்து போயிருக்கும். மின்தடை பற்றிப் புகார் சொல்ல பெஸ்காம் எண் 1912. வீட்டு ஃபைபர் ஒரு கம்பெனி என்றால் கைபேசி சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும்.

இடம். ஒரு படுக்கையறை வீட்டில் தனி அறைக்கு வழியில்லை. ஆனால் தனி மூலை முடியும். சுவரைப் பார்த்து மேஜை போடுங்கள், கட்டிலில் மட்டும் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். லேப்டாப்பின் மேல் விளிம்பு கண் உயரத்துக்கு வரும்படி கீழே நான்கு தடித்த புத்தகம் வைத்து, தனிக் கீபோர்டு ஒன்று வாங்கிக்கொண்டால் கழுத்து வலி பெருமளவு போகும். பி.ஜி.யில் இருப்பவர்கள் சேரும் முன்பே பகலில் அறையில் இருக்க அனுமதி உண்டா, மதியச் சாப்பாடு உண்டா என்று கேட்க வேண்டும். பல இடங்களில் காலை, இரவு மட்டும்தான்.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். பகல் முழுக்க ஆள் இருக்கும் வீட்டில் தண்ணீர்ச் செலவு கூடும். டேங்கர் நம்பி இருக்கும் லே-அவுட்டில் கோடை மாதங்களில் இது கையைக் கடிக்கும்.

பகலில் ஊரில் இருப்பதால் ஊர் தெரிகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பிய காலத்தில் சந்தாபுரா ஏரி எனக்கு வெறும் பெயர்ப் பலகை. வீட்டிலிருந்து வேலை தொடங்கிய பிறகுதான், காற்று திரும்பும் மத்தியான வேளைகளில் அதன் நாற்றம் என்ன என்று தெரிந்தது. அந்த ஏரியைத் தொழிற்சாலைக் கழிவிலிருந்து காக்கத் தவறியதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. கிழமை நாட்களில் ஊரில் இருக்கும் ஆட்கள் கூடக்கூட, நகரசபை அலுவலகத்துக்குப் பகல் நேரத்தில் மனு எடுத்துக்கொண்டு போக ஆள் கிடைக்கும். நெகிழ்வான வேலையின் பலன்களைப் பட்டியல் போடுபவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. நான் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

மீட்ட நேரத்துக்கு வேலி

முன்பு நீங்கள் எட்டு மணிக்கு பஸ்ஸில் இருந்தீர்கள், அதனால் யாரும் மீட்டிங் வைக்கவில்லை. இப்போது வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்று எட்டு மணிக்கு ஒரு அழைப்பு வரும். முதல் நாள் எடுத்துவிட்டால் அது வழக்கமாகிவிடும். ஷாங்காயில் கூடிய அந்த 9 சதவீதமும் கூடுதல் நிமிஷங்களிலிருந்து வந்ததுதான்.

பிரான்சில் 2017 தொடக்கத்திலிருந்து, வேலை நேரம் முடிந்த பிறகு தொடர்பில் இல்லாதிருக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆகவே இப்போதைக்கு வேலியை நாமே போட வேண்டும். மீட்ட நேரத்தில் ஒரு பகுதியையாவது இன்னொரு மனிதரோடு கட்டிவிடுங்கள். ‘காலையில் நடக்கப் போவேன்’ என்ற தீர்மானம் மூன்று நாள் நிற்கும். எட்டரைக்கு மகளைப் பள்ளி வேனில் ஏற்றுவது என் வேலை என்று ஏற்றுக்கொண்டால் அது வருஷம் முழுக்க நிற்கும், காலண்டரில் அந்த அரை மணியை அடைத்துப் போட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

பெண்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. வீட்டில் இருக்கும் மருமகள் வேலையில் இருக்கிறாள் என்பதை வீட்டில் பலரால் ஏற்க முடிவதில்லை. விருந்தாளி வந்தால் காபி, கேஸ்காரர் வந்தால் கதவு, மாமனாருக்கு மாத்திரை. கணவர் பக்கத்து அறையில் அதே மாதிரி லேப்டாப்போடு இருப்பார், அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். வீட்டிலிருந்து வேலை தொடங்கும் முன் இருவரும் உட்கார்ந்து, பத்து முதல் நான்கு வரை அழைப்பு மணி அடித்தால் எந்தக் கிழமை யார் எழுந்திருப்பது என்று பேசி எழுதுங்கள். கணவன்மார்களே, இதை நீங்களே தொடங்குங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வீட்டுக்கு எடுத்துப் போக முடியாத வேலை

சர்க்கிளில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுவரை எழுதியது பொருந்தாது. பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர், மாத்திரை அட்டை அடுக்கும் பெண், நாராயணா ஹெல்த் சிட்டியில் இரவுப் பணி முடித்து வரும் நர்ஸ், இவர்கள் இயந்திரத்தையும் நோயாளியையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவர்களுக்கு நெகிழ்வு என்றால் ஷிஃப்ட் அட்டவணை இரண்டு வாரம் முன்னதாகத் தெரிவது, தோழியோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள சூப்பர்வைசர் மறுக்காமல் இருப்பது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அரை நாள் கிடைப்பது. இவற்றைத் தனி ஆளாகக் கேட்பதைவிட, ஒரே லைனில் வேலை செய்யும் ஐந்தாறு பேர் சேர்ந்து, இன்னாருக்குப் பதில் இன்னார் என்று மாற்று ஆளையும் குறிப்பிட்டு எழுதிக் கேட்டால் கிடைக்கிறது. உற்பத்தி நிற்காது என்று காட்டிவிட்டால் சூப்பர்வைசருக்கு மறுக்கக் காரணம் இல்லை.

ஊரடங்கில் ஆபீஸ் காலியான மாதங்களில் கேப் ஓட்டியவர், டிபன் கடை வைத்தவர், ஆபீஸ் கழுவித் துடைத்தவர் என்று பலரின் பிழைப்பு போனது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் மதியச் சாப்பாட்டை ஆப்பில் வரவழைக்காமல் தெருமுனை மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்தால், அந்தப் பணத்தில் கொஞ்சம் ஊருக்குள்ளேயே நிற்கும்.

வேலை தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘வீட்டிலிருந்தே வேலை, தினம் 3,000 ரூபாய்’ என்று வாட்ஸப்பிலோ டெலிகிராமிலோ வந்தால் அது வேலை அல்ல. ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடுக்கச் சொல்லி முதலில் 150, 200 ரூபாய் போடுவார்கள். பிறகு பெரிய டாஸ்க் என்று உங்களிடமிருந்து பணம் கட்டச் சொல்வார்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சொன்னால் கணக்கை முடக்கிப் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.

இனி என்ன

1973-ல் அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்பவர், ஆட்களை வேலைக்கு நகர்த்துவதற்குப் பதில் வேலையை ஆட்களிடம் நகர்த்தலாமே என்ற யோசனையை முன்வைத்தார். அவர் யோசித்ததும் லாஸ் ஏஞ்சல்ஸின் சாலை நெரிசலை வைத்துத்தான். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு நம் பக்கத்தில் அது இரண்டு வழியாக நடக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்று, வாரத்தில் சில நாள் வீடு. மற்றொன்று, ஆபீஸே ஊர்ப்பக்கம் போவது. ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-லேயே தென்காசியில் அலுவலகம் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையிலேயே குடியேறினார். சேலத்திலும் தஞ்சாவூரிலும் 2024 செப்டம்பரில் நியோ டைடல் ஐ.டி. பூங்காக்கள் திறந்தார்கள். சந்தாபுராவில் இருக்கும் சேலத்துப் பிள்ளைக்கு இரண்டாவது வழிதான் நிலையானது என்பது என் எண்ணம். வீட்டிலிருந்து வேலையை ஒரு மெயிலில் திரும்ப எடுத்துவிடலாம், கட்டடத்தை அப்படி எடுக்க முடியாது. சேலத்தில் என்ன வேலைகள் வருகின்றன என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

அதுவரை, சொந்த ஊரிலிருந்து சில நாள் வேலை செய்வது நம் கைக்கு எட்டும் சுகம். தீபாவளிக்கு முந்தைய நாள் அத்திப்பள்ளியில் வரிசையில் நிற்பதைத் தவிர்த்து, நான்கு நாள் முன்பே போய் அங்கிருந்து லாகின் செய்யலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. செவ்வாய், புதன் கிழமை டிக்கெட்டுக்கு அடிதடி இருக்காது. லேப்டாப்பை மாநிலம் தாண்டி எடுத்துப்போக அனுமதி வேண்டுமா என்று கம்பெனியில் ஒருமுறை கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். சில வாடிக்கையாளர் ஒப்பந்தங்களில் அது தடை. போகும் முன், ஊரில் எந்த சிம்முக்கு சிக்னல் எடுக்கிறது என்று வீட்டில் இருப்பவரை விட்டு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். வாட்ஸப் குரல் போனால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

நான் இதை 2021 கோடையில் பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து கற்றேன். அங்கே மட்டும்தான் இரண்டு கோடு சிக்னல். அம்மா படியேறி வந்து, “ஏங் கண்ணு, லீவுல வந்துட்டும் அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருக்கறயே” என்பார். லீவு இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் சிவப்புத் துண்டு ஒன்றை மாடிப்படிக் கைப்பிடியில் கட்டினேன். துண்டு தொங்கினால் நான் ஆபீஸில் இருக்கிறேன், எடுத்துவிட்டால் வீட்டில் இருக்கிறேன். அன்றிலிருந்து அவர் துண்டைப் பார்த்துவிட்டுத்தான் படியேறுவார். சாயங்காலம் ஆறு தாண்டியும் துண்டு தொங்கினால் கீழே இருந்தே, “இன்னும் அவுக்கலயா?” என்று சத்தம் போடுவார். இப்போது சந்தாபுரா வீட்டிலும் ஒரு சிவப்புத் துண்டு வைத்திருக்கிறேன். ஆறு மணிக்கு அதை அவிழ்ப்பது மகளின் வேலை.